சுப்பராயன், ப.

பரமசிவ சுப்பராயன் (1889–1962): வழக்கறிஞர், சமூகச் சீர்திருத்தவாதி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டு வாடம் கல்லூரியிலும் படித்தவர்.

1926 தேர்தலில் அதிக இடங்களை வென்ற சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க மறுத்தது. ஆளுநர் கோஷன், சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். சைமன் குழு விவகாரத்தில் அமைச்சர்கள் இருவர் விலகியபோதும், நீதிக்கட்சியின் துணையோடு 1930 வரை பதவியில் நீடித்தார். வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது இவர் காலத்தில்தான். அதன் பெருமை பெரும்பாலும் அமைச்சர் முத்தையா முதலியாருக்கே சேர்கிறது.

பதவியில் இருந்த காலத்தைவிட அதை விட்ட பிறகு செய்த பணியே இவருடைய பெயருக்கு அதிகம் உரியது. 1932இல், குருவாயூர்க் கோயில் நுழைவுப் போராட்டத்தின் சூட்டில், ஒடுக்கப்பட்டோரைக் கோயில்களுக்குள் அனுமதிப்பதற்கான மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர முயன்றார். அதற்கு வைஸ்ராயின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 1933 ஜனவரியில் அது மறுக்கப்பட்டது. பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் கவனித்தார்.

மனைவி ராதாபாய், மங்களூரில் ஒடுக்கப்பட்டோருக்காகப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். கொங்கு ஜமீனும் சாரஸ்வதப் பிராமணக் குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டது அக்காலத்தில் துணிச்சலான காரியம். ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றார்; 1938இல் மத்திய மேலவைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே.

பிள்ளைகள் ஊர்ப்பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டனர். மூத்தவர் பரமசிவ பிரபாகர் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதி. மோகன் கேம்பிரிட்ஜிலிருந்து கம்யூனிஸ்டாகத் திரும்பி, சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றார். பிற்காலத்தில் இந்திரா காந்தி அரசில் எஃகுத்துறை அமைச்சராக இருந்தபோது, 1973இல் விமான விபத்தில் இறந்தார். மகள் பார்வதி கிருஷ்ணன் கடைசிவரை கம்யூனிஸ்டாகவே இருந்து, கோவையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். ஜமீன் வீட்டில் இத்தனை செங்கொடி வேறெங்கும் பறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சுப்பராயன் 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். பின்னர் இந்தோனேசியாவுக்கான தூதர். நேரு அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சர். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராகி, அவ்வாண்டு அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார்.