பைத்தான் மூலநிரலின் கிட்ஹப் இடமாற்றம்

பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் மூலநிரல், மெர்க்குரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் களஞ்சியத்திலிருந்து கிட்ஹப் தளத்துக்கு 2017 பிப்ரவரி 10 அன்று மாறிய நிகழ்வு. 2016 தொடக்கத்தில் இம்முடிவை அறிவித்து, பணியை முன்னின்று நடத்தியவர் பிரெட் கேனன். செயல்திட்டம் ‘பெப் 512’ என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு ஆவணத்தில் உள்ளது.

அதுவரை பங்களிப்பாளர் தம் திருத்தத்தைத் தனிக் கோப்பாக வழுப் பதிவேட்டில் இணைப்பார். மையக் குழுவினர் ஒருவர் அதை இறக்கி, பொருத்தி, சோதித்துச் சேர்ப்பார். தன்னார்வலர்களின் நேரம் இதில் வீணாகியது. கிட்ஹப்பில் திருத்தம், மதிப்பாய்வு, தானியங்கிச் சோதனை மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்தன.

மாற்றக் குறிப்புகள் அனைத்தும் ஒரே கோப்பில் எழுதப்பட்டதால் திருத்தங்கள் அடிக்கடி மோதின. குறிப்புக்கொரு கோப்பு என்ற முறையும், வெளியீட்டின்போது அவற்றைத் தொகுக்கும் ‘பிளர்ப்’ கருவியும் இச்சிக்கலைத் தீர்த்தன. ‘மிஸ் இஸ்லிங்டன்’ என்ற தானியங்கி, திருத்தங்களைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுசேர்த்தது.

வழுப் பதிவேடு 2022 ஏப்ரலில்தான் கிட்ஹப்புக்கு இடம்பெயர்ந்தது. நிரலையும் பதிவேட்டையும் ஒரே வேளையில் பெயர்க்காமல் படிப்படியாக நகர்ந்தது, பெரிய குழுக்கள் பின்பற்றத்தக்க நல்ல முன்மாதிரி.