தோற்ற அணியும் புதிய ஆசானும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலிருந்து

கால்பந்து என்றவுடன் நம் நினைவில் எழுவது காலால் உதைக்கப்படும் உருண்டைப் பந்து. அமெரிக்கர்கள் அப்பெயரால் குறிப்பது வேறொன்றை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசம் அணிந்த பதினொருவர் பதினொருவராக மோதிக்கொள்ளும் ஆட்டம் அது. அதன் பிறப்பிடம் பல்கலைக்கழகம். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் நியூ பிரன்ஸ்விக் நகரில் ஆடியதையே அதன் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். 1905ஆம் ஆண்டில் மாணவர்கள் பலர் ஆடுகளத்தில் அடிபட்டு இறக்க, அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசியச் சங்கம் 1906இல் உருவானதற்கு அதுவே பின்னணி. இன்று பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் தலைப்பில் இருப்பவர் ஆளுநரோ துணைவேந்தரோ அல்லர். பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர்தான்.

இத்தகைய அமைப்பில், தொடர்ந்து தோற்கும் ஓர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்து சேர்வது ஏறக்குறைய ஆட்சி மாற்றத்துக்கு நிகரான நிகழ்ச்சி. அவர் உண்மையில் எதை மாற்றுகிறார், அம்மாற்றத்தின் விலையை யார் தருகிறார்கள் என்னும் இரு கேள்விகளை முன்வைத்துச் சில நிகழ்வுகளைப் பார்ப்போம்.

இவ்வகைக் கதைகளில் புகழ்பெற்றது 1954ஆம் ஆண்டினுடையது. டெக்சஸ் ஏ அண்டு எம் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்த பால் 'பேர்' பிரையன்ட், தம் மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஜங்ஷன் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றார். கடும் வறட்சியும் வெயிலும் நிலவிய காலம். பயிற்சியின்போது தண்ணீர் மறுக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் சென்றதாகவும், பத்து நாள் கழித்து எஞ்சியவர் முப்பத்தைந்து பேர் அளவில்தான் என்றும் சொல்வார்கள். அவ்வாண்டு அந்த அணி ஒரே ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றது. ஆனால் 1956இல் ஒரு தோல்வியும் இன்றித் தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. வெயிலில் வாட்டியதால்தான் வெற்றி விளைந்தது என்ற தொன்மம் இதிலிருந்து பிறந்து, பின்னாளில் நூலாகவும் தொலைக்காட்சிப் படமாகவும் வளர்ந்தது.

தொன்மத்தைச் சற்றே தட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை தெரிகிறது. 1956 அணியின் தலைசிறந்த ஓட்டக்காரர், அடுத்த ஆண்டு நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்ற ஜான் டேவிட் குரோ. அவர் ஜங்ஷனுக்குச் செல்லவே இல்லை. 1954இல் அவர் முதலாண்டு மாணவர். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆக, வெற்றிக்குத் துன்பம் மட்டுமே காரணம் என்பது நிற்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்ததும் காரணம். ஆனால் ஆட்சேர்ப்பைப் பற்றி யார் காவியம் பாடுவார்கள்?

இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்க வேண்டியது கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை. கோதுமை வயல்கள் சூழ்ந்த மன்ஹாட்டன் என்னும் சிறு நகரில், 1863இல் வேளாண் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர் பிரிவில் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி என்ற பெயர் அதற்கு வாய்த்திருந்தது. 1987இல் ஒரு வெற்றியும் இல்லை, 1988இலும் இல்லை. பருவ முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அந்த அணி அழைக்கப்பட்டது ஒரே ஒருமுறை, 1982இல், அதிலும் தோல்வி. 1989இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் இப்பல்கலைக்கழகத்தை 'வீண்முயற்சிப் பல்கலைக்கழகம்' என்ற பொருள்படும் தலைப்பிட்டு எள்ளி நகையாடியது.

1988 நவம்பர் இறுதியில் அங்கே பொறுப்பேற்றவர் பில் ஸ்னைடர். வயது 49. அதுவரை எந்தப் பெரிய கல்லூரிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரையின் உதவியாளராகப் பத்துப் பருவங்கள் பணியாற்றியவர். அந்தப் பயிற்சிக்காலத்தை நாம் கவனிக்க வேண்டும். 1979இல் ஃப்ரை அயோவாவுக்கு வந்தபோது அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளில் அந்த அணி ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளை விஞ்சிய வெற்றிகளைக் கண்டதில்லை. அவர் அணியின் சின்னத்தையும் உடையையும் மாற்றினார். 1981 பருவத்தில் ரோஸ் பௌலுக்கே அழைத்துச் சென்றார். தோற்ற வீட்டைத் தூக்கி நிறுத்தும் வித்தையை ஸ்னைடர் அருகிருந்து கற்றார் எனலாம்.

ஸ்னைடரின் முதற்பருவம் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது மாற்றமாகவே தோன்றாது. ஆனால் 1989 செப்டம்பர் 30 அன்று வடக்கு டெக்சஸ் அணியை ஆட்டத்தின் கடைசி எறிதலில் 20-17 என வென்றபோது, 30 ஆட்டங்களாக நீடித்த வெற்றியில்லாத் தொடர் அறுந்தது. அடுத்த ஆண்டு ஐந்து வெற்றி. அதற்கடுத்து ஏழு. 1992இல் மீண்டும் ஐந்துக்குச் சரிவு. அந்தச் சரிவில் பல்கலைக்கழகம் பொறுமை இழக்கவில்லை என்பதே இக்கதையின் நடுநரம்பு என்று நமக்குத் தோன்றுகிறது. 1993இல் ஒன்பது வெற்றிகளுடன் காப்பர் பௌலில் வயோமிங் அணியை 52-17 என வீழ்த்தியது. அதிலிருந்து தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் பௌல் ஆட்டங்கள். 1998இல் முறைப்படியான பருவத்தின் பதினோர் ஆட்டங்களிலும் வெற்றி. 1968க்குப் பின் முதன்முறையாக நெப்ராஸ்காவை வென்றது அவ்வாண்டில்தான். 2003இல் ஓக்லஹோமாவை 35-7 எனத் தோற்கடித்து, 1934க்குப் பிறகான முதல் கூட்டமைப்புப் பட்டத்தைப் பெற்றது.

அவர் என்ன செய்தார்? மந்திரம் எதுவும் இல்லை. தன்னலமின்மை, ஒற்றுமை, சீர்மை, பொறுப்பு என்று பதினாறு குறிக்கோள்களை எழுதிவைத்து ஆண்டுதோறும் அவற்றையே ஓதினார். ஒவ்வொரு நாளும் சிறிதளவு மேம்படுதல் என்பதே அவற்றின் சாரம். பெரும் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பாராத ஈராண்டுக் கல்லூரி மாணவர்களைத் தேடிச் சேர்த்தார். 1998 அணியை வழிநடத்திய மைக்கேல் பிஷப் அவ்வழியில் வந்தவரே. நல்ல உதவியாளர்களைத் தெரிந்தெடுத்தார். அவர்களுள் ஒருவரான பாப் ஸ்டூப்ஸ் பின்னர் ஓக்லஹோமாவை 2000ஆம் ஆண்டின் தேசிய வாகையராக்கினார். கூட்டமைப்புக்கு வெளியே எளிய எதிரிகளையே தேர்ந்துகொள்கிறார் என்ற குறைச்சொல்லும் ஸ்னைடர்மீது உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், தோற்றே பழகியவர்களுக்கு வெல்வது எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாதவனுக்கு முதல் நாளிலேயே யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுப்பவர் யார்?

2005இல் அவர் ஓய்வு பெற்றார். அரங்கத்துக்கு அவர் குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. அடுத்து வந்தவர் மூன்று பருவங்களில் 17 வென்று 20 தோற்றார். 2009இல், எழுபதை நெருங்கிய வயதில் ஸ்னைடரே திரும்ப அழைக்கப்பட்டார். 2012இல் மீண்டும் பட்டம் வென்று, 2018இல் 215 வெற்றிகளுடன் விடைபெற்றார். ஓர் ஆளின் தோளில் நின்ற கட்டடம் அவர் விலகியதும் சாயும் என்பதற்கு இது சான்று. ஆனால் 2022இல் வேறொருவர் தலைமையில் அதே அணி பட்டம் வென்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோல்வியே தலைவிதி என்ற எண்ணம் அந்த ஊரைவிட்டு நீங்கிவிட்டிருந்தது.

இத்தகைய வெற்றிக் கதைகள் நம்மை ஏமாற்றவும் கூடும். 1997 முதல் 2010 வரையிலான கல்லூரிப் பருவங்களை ஆராய்ந்த மூன்று அரசியல் அறிவியலாளர்கள், மிக மோசமாக ஆடிய அணிகள் பயிற்சியாளரை மாற்றியதால் மாற்றாத அணிகளைவிடப் பெரிதாக மேம்படவில்லை என்றும், நடுத்தர அணிகள் மாற்றியபின் இன்னும் தாழ்ந்தன என்றும் கண்டனர். ஸ்காட் ஃப்ராஸ்ட் 2017இல் மத்திய புளோரிடா அணியைத் தோல்வியே இன்றி நடத்தியவர். தாம் மாணவராக ஆடிய நெப்ராஸ்காவுக்கே மீட்பராக அழைக்கப்பட்டார். அங்கே 16 வெற்றி, 31 தோல்வி. 2022 பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். மருந்து ஒன்றாயினும் உடம்பு வேறு.

2021க்குப் பின் களமே மாறிவிட்டது. மாணவர்கள் ஓராண்டு காத்திராமல் கல்லூரி மாறி ஆடலாம். தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்டலாம். 2022இல் ஒரே வெற்றி கண்ட கொலராடோவுக்கு வந்த டியோன் சாண்டர்ஸ், இருந்தவர்களை வெளியேறும்படி வெளிப்படையாகவே சொன்னார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விலகினர். 2024இல் ஒன்பது வெற்றி வந்தது. 2025இல் அது மூன்றாகக் குறைந்தது. 2023இல் மூன்றே வெற்றி பெற்றிருந்த இந்தியானாவுக்கு வந்த கர்ட் சிக்னெட்டி, தம் பழைய கல்லூரியிலிருந்து பதின்மூன்று மாணவர்களை உடனழைத்து வந்தார். 2024இல் பதினொரு வெற்றி. 2025 பருவத்தில் பிக் டென் பட்டம். 2026 ஜனவரியில் தேசியப் பட்டமும். ஸ்னைடருக்குப் பத்தாண்டு பிடித்த ஏற்றத்தை விஞ்சியது இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது. இந்த வேகத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. தகுதியுள்ள மாணவன் தன் விருப்பப்படி இடம்பெயர முடிவது நீதியே.

ஆனால் ஒரு கேள்வி நெருடுகிறது. 1988இல் ஓர் ஆட்டமும் வெல்லாத கேன்சஸ் அணியில் நின்ற இளைஞர்கள் சிலர் 1989இன் அந்தக் கடைசி எறிதலின்போதும் களத்தில் இருந்தனர். தோல்வியைச் சுமந்தவர்களுக்கே முதல் வெற்றியின் சுவையும் கிட்டியது. இன்று அணி மீள்கிறது. தோற்றவர்கள் மீள்கிறார்களா என்பதை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டுவதில்லை. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பயிற்சியில் வெப்பம் தாக்கி இறந்ததையும், அதன் தொடர்ச்சியாகத் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஜங்ஷன் தொன்மத்தைப் பெருமையாகச் சொல்லிவந்த பண்பாட்டுக்கு அச்சாவில் பங்கில்லை என்று சொல்ல நம்மால் இயலவில்லை.

பயிற்சியாளர் என்ற சொல்லுக்குள் ஆசிரியர் என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. அப்படியானால் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவனைக் கொண்டு மட்டும் அவரை அளக்கலாகாது. அவர் வந்து சேர்ந்த நாளில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்டாக வேண்டும்.