வேலை முடிந்த இரண்டு விண்கலங்கள்

காமா கதிர் வெடிப்புகளின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் 1979 மார்ச் 5.

சோவியத்தின் வெனேரா 11, வெனேரா 12 ரெண்டும் 1978 டிசம்பரில் வெள்ளி கிரகத்தில் ஆளுக்கொரு கலத்தை இறக்கிவிட்டு, முக்கிய வேலை முடிந்து, சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தன. லெனின்கிராட் யோஃபே நிறுவனத்தின் மஸெட்ஸ் குழு செய்த காமா கதிர் உணர்கருவி ரெண்டிலும் இருந்தது. வழக்கமா விநாடிக்கு நூறு எண்ணிக்கை காட்டுகிற கருவி, ஒரு மில்லி விநாடிக்குள் 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு! 11 விநாடி கழித்து ஹீலியோஸ் 2. அப்புறம் வெள்ளியைச் சுற்றிய பயனியர். அதுக்கப்புறம் பூமிப் பக்கம், அணுகுண்டு சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பியிருந்த வேலா சாட்டிலைட்டுகள். பனிப்போர் காலத்தில் எதிரெதிர் முகாம்கள் ஒரே வெடிப்பைப் பதிவு செய்திருக்கின்றன, பாருங்க.

முதல் வீச்சு 0.2 விநாடிதான். பிறகு மூன்று நிமிஷம், 8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கி அடங்கியது. மறுநாளே அதே இடத்திலிருந்து சின்னதா இன்னொன்று.

வேட்டுச் சத்தம் எந்த வீட்டுக்கு முதலில் கேட்டது, எந்த வீட்டுக்கு அப்புறம் என்று வைத்து திசை சொல்கிற மாதிரி, கலங்களுக்குக் கதிர் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டார்கள். பெரிய மெகல்லன் மேகத்தில் என்49 என்ற சூப்பர்நோவா எச்சம். தூரம் சுமார் 1,60,000 ஒளியாண்டு.

சிக்கலே இங்கேதான். அவ்வளவு தூரம்னா, சூரியன் ஆயிரக்கணக்கான வருஷம் கொட்டுகிற ஆற்றல் 0.2 விநாடியில் வந்திருக்கணும். அந்தப் பிரகாசத்தில் ஒளியின் அழுத்தமே நட்சத்திரத்தின் மேற்பரப்பைப் பிய்த்து எறிந்துவிடுமே? அதனால் பலர், "என்49 சும்மா பின்னணியில் இருக்கு, வெடித்தது நமக்குப் பக்கத்தில்" என்றார்கள். இதை முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு ஒரு இடத்தைக் காட்டியும், விளக்கம் இல்லை என்பதற்காக அந்த இடத்தையே சந்தேகப்பட்டது எனக்கு உறுத்துகிறது.

1992ல் டங்கன், தாம்சன் ரெண்டு பேரும் விளக்கம் சொன்னார்கள்: சாதாரண நியூட்ரான் நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் காந்தப்புலம் கொண்ட ஒன்று. பெயர் மேக்னட்டார். அவ்வளவு காந்தம் இருந்தால் மேற்பரப்புப் பிய்ந்து போகாது. இளம் நட்சத்திரம் 8 விநாடிக்கு ஒரு சுற்று என மெதுவாகச் சுற்றுவதற்கும் அந்தக் காந்தமே பிரேக்.

இதையும் உடனே யாரும் வாரி அணைச்சுக்கலை. 1998ல்தான் கூவெலியோட்டு குழு, ரோஸி எக்ஸ்-கதிர் விண்கலத்தை வைத்து, எஸ்ஜிஆர் 1806-20 என்ற இன்னொரு நட்சத்திரத்தின் பிரேக்கை அளந்தது. அதன் 7.5 விநாடிச் சுற்று வருஷத்துக்கு 2.6 மில்லி விநாடி நீள்கிறது. அதிலிருந்து வந்த காந்தப்புலம் 800 லட்சம் கோடி காஸ். பூமிக்கு அரை காஸ்தான்!

அதே நட்சத்திரம் 2004 டிசம்பர் 27ல், 1979ஐயே தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி வெடித்தது. ஏவி ஒரு மாசத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்த ஸ்விஃப்ட் உட்பட பல கலங்களின் கருவிகள் திணறின. இந்த முறை "மேக்னட்டாரா, என்ன அது?" என்று யாரும் கேட்கலை :-)

என்49ல் இருக்கிறது மட்டும் 1983க்கு அப்புறம் வெடிக்காமல் அமைதியா சுத்திக்கிட்டிருக்கு.