இடைகழித் தரையின் கதை



திருவண்ணாமலையில் வாழ்பவன் பேச வந்தால், பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தைப் பற்றியே பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பாராட்டியோர் பலர். இன்று சற்றே குனிந்து பார்ப்போம். நம் வீட்டுக்குள் நுழைந்தவுடன் நம் கால் படுகிறதே ஒரு சிறு தரை, அதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

திண்ணையைக் கடந்து தலைவாயிலுக்குள் புகுந்தால், முற்றத்தையோ கூடத்தையோ அடையும் முன் ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. அதற்கு இடைகழி என்பது பழம் பெயர். அச்சொல்லே மக்கள் நாவில் தேய்ந்து 'ரேழி' ஆயிற்று. 'நடை' என்று வழங்குவாரும் உளர். இச்சிறு இடத்துக்குத் தமிழ் நாட்டில் பெரும் புகழ் உண்டு. எங்கள் ஊருக்கு அண்மையில், பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூரில், மழை இரவொன்றில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தது ஓர் இடைகழியில்தான் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவுமே அங்கு இடம் இருந்ததாம். இடைகழியின் அளவை இதனினும் தெளிவாக எந்தப் பொறியாளரும் கூறிவிட முடியாது!

இத்துணைச் சிறிய இடம் சுமக்கும் பணியோ பெரிது. செருப்பைக் கழற்றுவது இங்கே. நனைந்த குடை நீர் சொட்டுவது இங்கே. கார்த்திகைத் தீபத்தன்று அகல் விளக்குகள் வரிசையாக எரிவது இங்கே. எங்கள் ஊரிலோ முழுநிலா நாளில் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வந்த உறவினர், வெறுங்காலோடும் புழுதியோடும் வந்து நிற்பதும் இங்கேதான். ஆகவே, இத்தரைக்கு எந்தக் கல்லைப் பதிப்பது, எந்த அளவில் பதிப்பது, எந்த நிறத்தில் பதிப்பது என்னும் வினா எளிய வினா அன்று.

சென்ற ஆண்டு என் இல்லத்து நடையின் தரை வெடித்துப் பெயர்ந்தபோது இவ்வினா எங்கள் குடும்பத்திலும் எழுந்தது. என் மகன் இரண்டடிச் சதுரமான பளபளக்கும் கற்களே வேண்டும் என்றான். மருமகள் பூப்போட்ட சிறு கற்களை விரும்பினாள். தடியூன்றி நடக்கும் என் தமக்கையார், "எதையாவது போடுங்கள், நான் விழாமல் இருந்தால் போதும்" என்றார். மூவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. முடிவு காணும் பொருட்டு, நான் என் வழக்கப்படி வரலாற்றைப் புரட்டினேன்.

தரைக்கு அளவும் நிறமும் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு மிகவும் பிற்காலத்தில் வாய்த்தது. நம் முன்னோரின் எளிய வீடுகளில் மண்ணைக் கெட்டித்துச் சாணம் மெழுகிய தரையே இருந்தது. அதற்கு இணைப்பும் இல்லை, அளவும் இல்லை. மண்ணின் நிறமே அதன் நிறம். செங்கல் வந்த பின்னரே அளவு என்னும் எண்ணம் வந்தது. 2015ஆம் ஆண்டு முதல் வைகைக் கரையில் கீழடியில் நிகழ்ந்து வரும் அகழாய்வில் பழங்காலத்துச் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். செங்கல்லின் அளவைத் தீர்மானித்தவை இரண்டு: ஒருவன் கையில் தூக்கக் கூடிய எடை ஒன்று, சூளையில் கோணாமல் வேகக் கூடிய பருமன் மற்றொன்று.

எங்கள் இராசகோபுரத்தையே பாருங்கள். அடித்தளம் பெரும் கருங்கற்களால் ஆயது. மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆயவை. நிலம் தாங்கும் இடத்தில் பெருங்கல். மனிதன் தூக்கி ஏற்ற வேண்டிய இடத்தில் சிறு கல். பொருளின் அளவு அழகால் மட்டும் அமைவதில்லை. இடமும் உழைப்பும் கூடி அதை வகுக்கின்றன. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

மேலை நாட்டில் இடைக்காலத் துறவியர் தம் தேவாலயங்களில் இருநிறக் களிமண்ணைப் பதித்துச் சுட்ட தளக்கற்களைப் பரப்பினர். பின்னர் அக்கலை மறைந்தது. 1830ஆம் ஆண்டு சாமுவேல் ரைட் என்பார் அதை இயந்திர முறையில் செய்ய உரிமம் பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் என்னும் ஆங்கிலேய உற்பத்தியாளர் அதை வளர்த்தார். விக்டோரியா காலத்து ஆங்கில வீடுகளின் வாயில் நடைகளில் இத்தகைய கற்கள் பரவின. அவற்றின் வழக்கமான அளவு ஆறு அங்குலம். ஏன் ஆறு? களிமண் வேகும்போது சுருங்கும். கல் பெரிதானால் சுருக்கமும் பெரிதாகி, கல் கோணிப் போகும். எனவே நெருப்பே அங்கு அளவுகோல் ஆயிற்று.

இந்த நெருப்பின் தளையை அறுத்தது சிமெண்டு. 1824ஆம் ஆண்டு ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். சிமெண்டு நீரால் இறுகுவது. அதற்குச் சூளை வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சில், வண்ணச் சிமெண்டை அச்சில் அழுத்திச் சுடாமலே பூங்கற்கள் செய்யத் தொடங்கினர். அவற்றின் அளவு பெரும்பாலும் இருபது சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டு அங்குலம். ஒருவன் ஒரு கையால் எடுத்துப் பதிக்க ஏற்ற அளவு அது. நம் நாட்டில் சிமெண்டு ஆலை முதன்முதலில் 1904ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு பம்பாயில், அயல்நாட்டுக் கற்களுக்கு ஈடாக நம் நாட்டிலேயே தளக்கல் செய்ய வேண்டும் என்னும் சுதேசி எண்ணத்தோடு ஒரு தொழிற்சாலை எழுந்தது. விடுதலை வேட்கை நம் காலடித் தரை வரை இறங்கி வந்தது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் இக்கலை செழித்த இடம் செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளால் மாளிகைகள் கட்டினர். பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், ஐரோப்பியத் தளக்கற்களும் கப்பலேறி வந்தன. அந்தப் பூங்கற்களின் அழகைக் கண்டு, காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடி என்னும் சிற்றூரின் கைவினைஞர்கள் தம் ஊர் மணலைக் கொண்டே அத்தகைய கற்களைச் செய்யலாயினர்.

அவர்கள் செய்யும் முறையை அறிதல் வேண்டும். கல்லின் அளவுக்கு வெட்டிய கண்ணாடித் துண்டை அடியில் வைப்பர். அதைச் சுற்றி இரும்புச் சட்டம்; உள்ளே பூவடிவத்தில் அறைகள் கொண்ட தகட்டு அச்சு. ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறத்துச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவர். அச்சை மெல்ல உயர்த்தி எடுத்ததும் நிறங்கள் தம்முள் கலவாமல் தங்கி நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடி தூவி, கலவை பரப்பி மட்டம் செய்வர். இறுகிய பின் நீர்த்தொட்டியில் ஊறவிட்டு உலர்த்துவர். கண்ணாடி விலகும்போது, அதன் வழவழப்பே கல்லின் முகமாகி நிற்கும். நெருப்பில்லை, பெரும் இயந்திரமில்லை, கைத்திறமே மூலதனம். எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குல அளவுகள் அங்கே வழக்கம்.

செல்வர் வீட்டுக்குப் பூங்கல் வந்தது. எளியோர் வீட்டுக்கு வந்ததோ காவித் தரை. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து கொல்லுறுவால் தேய்த்து மெருகிடும் அத்தரையை, என் இளமைக் காலத்தில் எங்கள் தெருவின் பாதி வீடுகளில் கண்டிருக்கிறேன். காவிக்கல்லுக்கும், சுட்ட செங்கல்லுக்கும், எங்கள் வட்டாரத்துச் செம்மண்ணுக்கும் சிவப்பைத் தருவது ஒன்றே. அஃது இரும்பின் துரு. அருணாசலம் என்னும் வடசொற் பெயருக்குச் செந்நிற மலை என்பது பொருள். செம்மலையின் அடியில் செந்தரை அமைந்தது பொருத்தமன்றோ?

காவித் தரைக்குப் பின் மொசைக் வந்தது. அதன் பின் இன்றைய பெருங்கற்கள் வந்தன. குசராத்து மாநிலத்து மோர்பி நகரம் இவ்வாக்கத்தின் பெருநடுவம். பொடியாக்கிய மண்ணைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி, ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். அக்கல் உறிஞ்சும் நீர் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு. கறை எளிதில் பிடியாது. நெருப்பால் ஆறு அங்குலத்தில் அடங்கிக் கிடந்த கல்லை, இயந்திரம் இரண்டடியாகவும் நான்கடியாகவும் விரித்துவிட்டது. அளவின் பழைய எல்லைகள் அகன்றன. ஆயினும் இடைகழி மட்டும் அகலவில்லை!

இனி என் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாணவர்கள் தாளும் கோலும் எடுத்துக் கொள்க. என் நடையின் அகலம் 45 அங்குலம்; நீளம் 90 அங்குலம். இரண்டடிக் கல், அதாவது 24 அங்குலக் கல்லைப் பதித்தால், அகலத்தில் ஒரு முழுக்கல்லும் 21 அங்குலத் துண்டும் வரும். நீளத்தில் மூன்று முழுக்கற்களும் 18 அங்குலத் துண்டும் வரும். ஆக எட்டுக் கற்களில் ஐந்து வெட்டுப்படும். எட்டு அங்குலக் கல்லாயின், நீளத்தில் பதினொரு கல் போக இரண்டு அங்குலச் சிலும்பு எஞ்சும்; அது கண்ணை உறுத்தும். பத்து அங்குலக் கல்லாயின் நீளத்தில் ஒன்பது கற்கள் சரியாக அமையும். அகலத்தில் நான்கு கற்கள் போக எஞ்சும் ஐந்து அங்குலத்தை இருபுறமும் இரண்டரை அங்குலக் கரையாகப் பிரித்துவிடலாம். சேலைக்குக் கரை அழகு செய்வது போல அது தரைக்கு அழகு செய்யும். 'சிறிய இடத்துக்குச் சிறிய கல்' என்றோ 'பெரிய கல்லே இடத்தைப் பெரிதாகக் காட்டும்' என்றோ பொது விதி பேசுவார் பலர். இடத்தை அளந்து, அதன் நீள அகலங்களை மீதமின்றியோ அழகிய மீதத்தோடோ வகுக்கும் அளவே நல்ல அளவு. கீழ்வகுப்பில் கற்ற வகுத்தல் கணக்கு வாழ்க்கைக்கு உதவும் இடம் இது.

நிறத்துக்கு வருவோம். வெளிர் நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பி ஒடுங்கிய இடத்தை விரித்துக் காட்டும் என்பது உண்மை. ஆனால் தூய வெண்மை ஒவ்வொரு காலடிப் புழுதியையும் காட்டிக் கொடுக்கும். அரிசி மாக்கோலத்தையோ மறைத்துவிடும். கரு நிறத்தில் கோலம் துலங்கும். ஆனால் சன்னல் இல்லாத நடை இருண்டு போகும். இரண்டுக்கும் இடைப்பட்டது காவி. அதில் கோலமும் தெரியும், செம்புழுதியும் உறுத்தாது. சுவருக்கு வெண்மை தீட்டிவிட்டால் ஒளிக்கும் குறைவிராது. கோயில் மதில்களில் காவியும் வெண்மையும் மாறி மாறி வருவதைக் கண்டு பழகிய கண்ணுக்கு இச்சேர்க்கை புதிதன்று.

இவை யாவற்றினும் பெரிது என் தமக்கையார் கூறிய சொல். கார்த்திகை மாதம் எங்கள் ஊரில் மழை மாதம். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பளபளக்கும் நடையில், ஈரக் காலோடு நுழைந்த மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார்; பின்னர் அவர் கோயிலுக்கு நடந்து போனதே இல்லை. பளபளப்பு பார்ப்பவருக்கு, பிடிப்பு நடப்பவருக்கு. செருமானியர் தளக்கல்லின் வழுக்கலைச் சரிவுப் பலகையில் நடந்து பார்த்து அளக்கின்றனர். ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் இடுகின்றனர். எண் கூடக் கூடப் பிடிப்பு மிகும். ஈரம் படும் வாயிலுக்குப் பத்துக்குக் குறையாத தரம் கேட்டு வாங்குதல் நன்று. கல் சிறிதானால் இணைப்புகள் மிகும். இணைப்புகள் மிக்கால் காலுக்குப் பிடிப்பும் மிகும் என்பதையும் கருத வேண்டும்.

இறுதியில் நாங்கள் கண்ட முடிவு இது: வாசற்படியை ஒட்டிய முதல் வரிசை முழுவதும் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல்; ஈரக் கால் முதலில் அதன் மேல் படும். அதற்கு உள்ளே எட்டு வரிசைகளில் முப்பத்திரண்டு ஆத்தங்குடிக் கற்கள், காவி நிலத்தில் மஞ்சட்பூ. இருபுறமும் கருநிறக் கரை. ஆத்தங்குடிக் கல் எண்ணெயை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் அகல் விளக்கின் அடியில் சிறு தட்டு வைக்கிறோம். தமக்கையார் தடியின்றியே ஒருமுறை நடந்து பார்த்துத் தலையசைத்தார்.

மாணவ மணிகளே! ஓர் ஆத்தங்குடிக் கல்லை ஒருவர் வாங்கும்போது ஒரு கைவினைஞரின் அன்றைய உழைப்புக்கு ஊதியம் கிடைக்கிறது. வாங்குவார் இல்லையேல் அச்சுத் தகடுகள் துருப்பிடிக்கும். அவர் மக்கள் வேறு தொழில் தேடுவர். பழமை என்பதற்காக மட்டும் பழையதைக் கொள்ள வேண்டா; புதுமை என்பதற்காக மட்டும் அதைத் தள்ளவும் வேண்டா. சமையலறைக்கு மோர்பிக் கல்லே ஏற்றதெனின் அதையே கொள்க. எதையும் அளந்து, ஆராய்ந்து, பயன்படுத்துவோரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். இன்று மாலை உங்கள் வீட்டு நடையின் நீள அகலங்களை ஒரு கோலால் அளந்து பாருங்கள். அதன் தரை எக்காலத்தது, எவ்வூரினது என்று வீட்டில் மூத்தோரைக் கேளுங்கள். வரலாறு அரசர் அரண்மனையில் மட்டும் இருப்பதன்று. நாள்தோறும் நீங்கள் மிதித்துச் செல்லும் அந்த நான்கடி அகலத்திலும் அது விரிந்து கிடக்கிறது.