பேட்டன்ட்

தமிழில் இதைக் காப்புரிமை என்கிறோம். காப்பு என்றதும் பூட்டி வைத்த ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறது. மூலச் சொல்லின் பொருளோ நேர் எதிர். லத்தீனில் ‘படேரே’ என்றால் திறந்திருத்தல். இங்கிலாந்து மன்னர்கள் சலுகை வழங்கிய ஆணைகளை மடித்து ஒட்டாமல், முத்திரையை அடியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். முத்திரையை உடைக்காமலே யாரும் படிக்கலாம். அந்தத் ‘திறந்த மடல்’தான் சுருங்கி பேட்டன்ட் ஆனது. (நம் பட்டயத்தோடு ஒலி ஒத்திருந்தாலும் உறவு கிடையாது.) 1449இல் ஆறாம் ஹென்றி, வண்ணக் கண்ணாடி செய்யும் உட்டைனம் ஊர் ஜானுக்கு இப்படியொரு மடல் கொடுத்தார்.

திறந்து காட்டு, சில காலம் தனியுரிமை தருகிறோம் என்பதுதான் இன்றைக்கும் பேரம். கணினி மவுஸையே பாருங்கள். அதைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1967இல் விண்ணப்பித்து 1970 நவம்பரில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை எண் 3,541,541. தலைப்பில் எலியே இல்லை. ‘காட்சித் திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி’ என்று விறைப்பாக இருக்கிறது. அந்த மவுஸின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பதுவரை படம் வரைந்து காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு தச்சர்கூடக் கூட்டைச் செய்துவிடலாம். உரிமை எங்கல்பார்ட் வேலைபார்த்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்துக்கே போனது. மவுஸ் வீட்டுக்கு வீடு பரவியது பிறகுதான். எங்கல்பார்ட்டுக்கு ராயல்டியாக ஒரு காசும் வரவில்லை.