பாறு கழுகின் வீழ்ச்சியும் மீட்சியும்

சைவ சமய குரவர் நால்வராலும் பாடப்பெற்ற திருக்கழுக்குன்றம் செங்கற்பட்டுக்கு அண்மையில் உள்ளது. அங்குள்ள வேதகிரி மலையிலே, நண்பகலில் இரு வெண்கழுகுகள் வந்து அமுதுண்டு மீளும் காட்சியைக் காண யாத்திரிகர் பலர் திரண்டனர். 1990ஆம் ஆண்டுகளுக்குப் பின் அக்காட்சி அற்றுப்போயிற்று. அதே காலத்திற் பாரத நாடெங்கும் கழுகினம் மடிந்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிணந்தின்னும் கழுகைப் பாறு என்பர். நம் ஈழநாட்டில் வாழ்வன பருந்தும் கடற்கழுகும் முதலியனவே. பாறு இங்கே கூடுகட்டுவதில்லை. பாரதத்திலோ இறந்த மாடுகளை உண்டு ஊரைத் தூய்மைசெய்தது அதுவே. வெண்முதுகுப் பாறுகள் 1992இல் ஆயிரம் இருந்தவிடத்து 2007இல் ஒன்றே எஞ்சியது. உண்பாரற்ற பிணங்களால் தெருநாய்கள் பெருகின.

இதன் காரணத்தை 2004இல் அறிஞர் ஓக்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் பாக்கிஸ்தானில் நிகழ்த்திய ஆய்வால் வெளியிட்டனர். மாடுகளின் நோவைத் தணிக்க இடப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்தே அந்நஞ்சு. மருந்தேறிய மாடு இறந்தபின் அதன் ஊனை உண்ட பாறு, சிறுநீரகம் பழுதுற்று மாண்டது. நோய் தீர்க்கப் பிறந்த மருந்து ஓரினத்தையே மாய்த்ததென்பது சிந்திக்கற்பாலது.

இதனையொத்த நிகழ்ச்சி அமெரிக்காவிலும் முன்னர் நேர்ந்தது. டி.டி.ரீ. என்னும் பூச்சிகொல்லியால் வெண்தலைக் கழுகின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1963இல் ஐந்நூறு இணைகளுக்குங் குறைவாகவே அப்பறவைகள் எஞ்சின. 1972இல் அந்நஞ்சு தடைசெய்யப்பட்டது. 2007இல் ஏறத்தாழப் பதினாயிரம் இணைகள் பெருகியிருந்தமையால், அழிவுறும் இனங்களின் பட்டியலிலிருந்து அக்கழுகு நீக்கப்பட்டது.

இந்தியாவிலும் 2006இல் கால்நடைகளுக்கு டைக்குளோபினாக் தடைசெய்யப்பட்டது. மனிதர்க்குரிய பெருங்குப்பி மருந்து மாடுகளுக்குச் செல்வதைத் தடுக்க 2015இல் குப்பியின் அளவும் சுருக்கப்பட்டது. அரியானாவிலுள்ள பிஞ்சூரிற் கழுகுகளை வளர்க்கும் நிலையத்துக்குச் சடாயுவின் பெயர் இடப்பட்டமை மிகப் பொருத்தமே.

ஆயினும் பாறின் மீட்சி விரைந்து நிகழ்வதன்று. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாற்றங்கரையிலே, ஓங்கிய நீர்மருத மரங்களிற் சுள்ளிகளாற் கூடமைக்கும் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சு வளர்ந்து தானும் கூடுகட்டப் பல ஆண்டுகள் செல்லும். ஒரு பாறு மாண்டால் அவ்விடத்தை நிரப்ப நெடுங்காலம் வேண்டும். எனினும் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருங்கே எடுத்த கணக்கில் 246 ஆக இருந்த பாறுகள், அவ்வாண்டின் இறுதிக் கணக்கில் 320 எனக் காணப்பட்டன.

தடைச்சட்டம் ஒரு நாளில் இயற்றப்படலாம். வெறுமையுற்ற கூடு நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும். நம் தீவகக் கரைகளில் வெண்வயிற்றுக் கடற்கழுகு இன்றும் வட்டமிடுகின்றது. நம் தோட்டங்களில் தெளிக்கும் மருந்து எங்கே சென்று சேர்கின்றதென அது மறையுமுன்னரே வினாவுதல் நம் கடனாகும்.