ஹிஜாபும் மினாராவும்: பார்வைகள் எப்படி உருவாகின்றன?

ஏற்காடு மலை உச்சியில் மலையாளி பழங்குடி மக்கள் வழிபடும் சேர்வராயன் கோயில் இருக்கிறது. ஊருக்குள் தேவாலயங்களும் 1917-ல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளியும் இருக்கின்றன. தலையை மறைத்து அங்கி அணிந்த கன்னியாஸ்திரி அந்தக் கடைவீதியில் நடந்து போனால் யாரும் அதைப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சிறுபான்மைச் சமுதாயங்கள். இருந்தும் ஹிஜாப் மட்டும் ஏன் சர்ச்சையாகிறது?

கன்னியாஸ்திரியை மக்கள் ஆசிரியராக, செவிலியராக நேரில் அறிவார்கள். ஹிஜாப் அணிந்த பெண்ணைப் பலர் தொலைக்காட்சி விவாதங்களின் வழியாகவே அறிகிறார்கள். பழகாத இடத்தில் அச்சம் எளிதில் குடியேறுகிறது. 2016-ல் இப்சாஸ் நிறுவனம் நடத்திய ஆய்வில், பிரான்ஸ் மக்கள் தம் நாட்டில் முஸ்லிம்கள் 31 சதவீதம் இருப்பதாகக் கருதினார்கள். உண்மை அளவு 7.5 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தில் 2009-ல் 57.5 சதவீதம் பேர் வாக்களித்துப் புதிய மினாராக்களுக்குத் தடை விதித்தபோது, அந்த நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கே.

தமிழ் மண்ணின் அனுபவம் வேறு. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கடலோர மக்களுக்கு அது தங்கள் ஊரின் அடையாளம்.

அந்தப் பண்பு இன்றும் மறையவில்லை. 2022 பிப்ரவரியில் கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் தடை பற்றி எரிந்த நேரம். அதே மாதம் 19-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலின்போது, மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வாக்களிக்க வந்த பெண்ணுக்கு பா.ஜ.க. முகவர் ஆட்சேபம் தெரிவித்தார். தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் உடனே எதிர்த்தனர். ஆட்சேபித்தவரே வாக்குச்சாவடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கர்நாடக வழக்கிலோ அவ்வளவு எளிதில் முடிவு கிடைக்கவில்லை. 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர்.

அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. ஆனால் மேலூரில் அந்தச் சகோதரிக்குத் துணையாக முதலில் நின்றவர்கள் அங்கிருந்த சக மனிதர்கள். அந்த நல்லெண்ணம் பழக்கத்தால் வருவது. அதை வளர்ப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று பள்ளிவாசல்கள் அனைவருக்கும் திறந்து விடப்படுகின்றன. நம் ஜமாஅத்துகளும் நோன்புக் கஞ்சியைப் பகிர்வதோடு நிற்காமல், அக்கம்பக்கத்தாரைப் பள்ளிவாசலுக்குள் அழைத்துத் தொழுகையைக் காணச் செய்யலாம். மக்கள் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று அல்குர்ஆன் (49:13) நமக்குக் கற்பிக்கிறது. அறிமுகத்தின் முதல் அடியை நாமே எடுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.